தாத்தாவின் இரட்டைக்குழலுக்கு மறுபடி கறுப்பு ஏற்றலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்னூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தாத்தா குடகில் காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது அவரிடம் விற்றுவிட்டுப் போன 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது அப்பாவின் லைசென்ஸில் வீட்டில் இருக்கிறது. குழலின் கறுப்பு பெரும்பாலும் போய்விட்டது. கை பிடிக்கும் இடத்தில் வெள்ளையாகவும், வாய்ப் பக்கம் துருவாகவும் இருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பலகையில் தெரியும் ரேகைபோல மெல்லிய கோடுகள் சுருண்டு சுருண்டு ஓடுகின்றன. சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு பாலிஷ் கடையில், "பஃப் அடிச்சு, கறுப்புத் தண்ணியில முக்கித் தர்றோம், சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க" என்கிறார்களாம். கொடுக்கலாமா, இல்லையென்றால் ஆன்லைனில் ஒரு பாட்டில் வாங்கி நானே பூசிவிடலாமா என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம் தம்பி. பாட்டிலும் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா அல்சூரில் ராணுவப் பட்டறையில் ஆயுதம் பழுது பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு கண்டோன்மென்ட்டில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் நானும் உட்கார்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. இப்போது கண் சரியில்லை, கை மட்டும் ஓடுகிறது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம், அது சின்ன விஷயம். 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனியாக லைசென்ஸ் வேண்டும். பாலிஷ் கடைக்காரரிடம் அது இருக்காது. "குழலை மட்டும் கழற்றித்தானே கொடுக்கிறேன்" என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் உதிரி பாகமும் துப்பாக்கிதான். 8-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பெயரோ எண்ணோ வேறு அடையாளமோ துப்பாக்கியில் பொறித்திருந்தால் அதை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். பஃப் சக்கரத்துக்கு எது துரு, எது எண் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத் தேய்த்துவிடும். அடுத்த முறை லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது புத்தகத்தில் ஓர் எண், குழலில் வெறும் பளபளப்பு என்றால் உங்கள் அப்பா ஸ்டேஷனில் உட்கார வேண்டி வரும். லைசென்ஸ் வேண்டாம் என்று குடகர்களுக்கும், அங்கே ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உள்ள விலக்கைச் சிலர் நம்மிடமும் சொல்வார்கள். துப்பாக்கி குடகில் இருந்தது என்பதற்காக அது நமக்கு வந்துவிடாது.

சரி, இப்போது அந்தக் கோடுகள்.

நீங்கள் சொல்லும் சுருள் ரேகை அநேகமாக டமாஸ்கஸ் குழல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்து லீஜிலும் இங்கிலாந்து பர்மிங்காமிலும் ஏராளமாகச் செய்தது. மெல்லிய இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி ஒன்றாக அடித்துச் சேர்ப்பார்கள். அதைச் சதுரக் கம்பியாக நீட்டி, சூட்டோடு முறுக்குக் கயிறுபோல முறுக்குவார்கள். அப்படி முறுக்கிய இரண்டு மூன்று கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி அடித்தால் ஒரு நாடா கிடைக்கும். ஓர் இரும்புத் தண்டின்மேல் அந்த நாடாவைச் சுருளாகச் சுற்றி, ஓரத்தோடு ஓரம் காய்ச்சி அடித்து ஒட்டினால் குழல். பிறகு உள்ளே துளையைக் கடைந்து, வெளியே அரம் போட்டு மெலிதாக்குவார்கள். முழுநீளத்துக்கும் அது ஒட்டுத்தான். ஒரு துப்பாக்கியின் இரண்டு குழலிலும் நூற்றுக்கணக்கான ஒட்டு இருக்கும். விட்வொர்த், க்ருப் மாதிரியானவர்களின் வார்ப்பு எஃகு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்த வேலை குறைந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஏறக்குறைய நின்றே போனது.

இங்கே ஒரு கதையை உடைத்துவிட வேண்டும். இப்படிப்பட்ட குழலைப் பார்த்தவுடன் "இது நம்ம ஊர் உருக்கு, திப்பு சுல்தான் காலத்து எஃகு" என்று விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. நம் தென்னாட்டு உருக்கு வேறு. குகை என்று சொல்லும் மூடிய மண் பாத்திரத்தில் இரும்பையும் கரியையும் போட்டு உருக்கி, மெல்ல ஆறவிட்டு எடுத்த கட்டி அது. அதில் வரும் அலை உள்ளுக்குள் தானாக விளைவது. உங்கள் குழலில் இருப்பது கொல்லன் கணக்குப் போட்டுப் பின்னிய கோலம். இரண்டுக்கும் வெள்ளைக்காரன் டமாஸ்கஸ் என்று ஒரே பெயரை வைத்துவிட்டான், குழப்பம் அங்கிருந்து வந்தது. இரண்டும் அருமையான வேலைதான், ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி விற்காமல் இருந்தால் சரி.

இந்தக் கோலம் கண்ணுக்குத் தெரியக் காரணமே துரு. பளபளவென்று தேய்த்துவிட்டால் இரும்பும் எஃகும் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை. அந்த வித்தியாசத்தை வைத்து, கட்டுப்பாடாகத் துருப்பிடிக்க வைத்து, அதைத் தேய்த்துத் தேய்த்துத்தான் பழுப்பும் கறுப்புமாகக் கோலத்தை வெளியே கொண்டுவந்தார்கள். ஆக, துரையின் துப்பாக்கியில் புதிதாக இருந்தபோதே மேலே இருந்தது பெயின்ட் கிடையாது, மெருகும் கிடையாது. நல்ல துரு. இப்போது வாய்ப் பக்கம் பிடித்திருப்பது கெட்ட துரு. பாலிஷ் கடை இரண்டையும் ஒன்றாகத் தொலைத்துவிடும்.

இனி, கறுப்பை மறந்துவிட்டுக் குழலை அளக்க வேண்டும். வேலையில் பாதி இதுதான். வருகிறவர்கள் யாருக்கும் இதில் அக்கறை இருப்பதில்லை.

அப்பா எந்த இரட்டைக்குழல் வந்தாலும் முதலில் செய்வது ஒன்றுதான். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு சணல் கயிற்றை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு. சந்தையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதேதான். நல்ல குழல் வெண்கலச் செம்புபோல நீளமாக 'ணங்' என்று நிற்கும். 'டப்' என்றோ, பொருபொருவென்று அதிர்ந்தோ கேட்டால் பட்டை விட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு குழலுக்கும் நடுவே மேலே ஒன்றும் கீழே ஒன்றும் நீளமாக ஓடும் தகடு இருக்கிறதே, அதைத்தான் பட்டை என்கிறோம். அது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றால் ஒட்டியிருக்கிறது. இந்த ஈயப்பற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வில்லனோடு வரும்.

அடுத்தது சுவர் கனம். குழலின் சுவர் தோட்டா உட்காரும் பக்கம் தடியாகவும், போகப் போக மெலிதாகவும் இருக்கும். லேத்துக்காரர்கள் 'தௌ' என்று சொல்லும் கணக்கில், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில், மெலிந்த இடத்திலும் 20 தௌ இருக்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் எல்லை. அரை மில்லிமீட்டர். இரண்டு விசிட்டிங் கார்டு கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண காலிப்பரால் இதை அளக்க முடியாது. குழலுக்குள் நீளமாகப் போகும் கையுள்ள தனிக் கருவி வேண்டும். சுற்றிலும் அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய குழலில் துளை நட்டநடுவில் இருக்காது. ஒருமுறை ஒரு குழலில் ஒரு பக்கம் 34, திருப்பிப் பார்த்தால் எதிர்ப் பக்கம் 17. வெளியே பார்க்க அவ்வளவு அழகு! உரிமையாளர் பளபளப்பாக வேண்டும் என்றார். அப்பா துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏன் இந்தக் கணக்கு? மேலே குழி விழுந்த துருவை முழுக்க எடுக்க வேண்டுமானால், குழியின் ஆழத்துக்குச் சுற்றிலும் இரும்பை எடுக்க வேண்டும். உள்ளேயும் குழி இருந்தால் அங்கே ஏற்கெனவே சுவர் போயிருக்கிறது. அந்தக் காலத்துக் கரிமருந்தின் சாம்பல் ஈரத்தை இழுக்கும். பழைய தோட்டாவின் தொப்பியில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் உப்பாகத் தங்கும். குடகு மழையில் சுட்டுவிட்டு, அன்று இரவே கழுவாமல் மூலையில் சாத்தி வைத்த துப்பாக்கியின் உட்புறம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒடுக்கு இருந்தால் அதுவும் முதலில். தூணிலோ ஜீப்பிலோ இடித்து ஒடுங்கின இடத்தை உள்ளிருந்து சரியான அளவுத் தண்டு கொடுத்து மெல்ல எழுப்ப வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே அரம் போட்டுச் சமன் செய்தால், வெளியே ஒடுக்கு தெரியாது. உள்ளே அது அப்படியே இருக்கும், சுவர் மட்டும் அந்த இடத்தில் பாதியாகியிருக்கும். பார்க்க நன்றாக இருக்கும் துப்பாக்கிகளில் ஆபத்தானது இந்த ரகம்தான்.

குழலின் அடியில், கொக்கிக்கு இருபுறமும் தட்டையாக உள்ள இடத்தில் முத்திரைகள் இருக்கும். கிரீடமும் குறுக்காக இரண்டு செங்கோலும் இருந்தால் பர்மிங்காம், அங்கே சோதனைச் சாலை 1813-இல் வந்தது. முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள் இருந்தால் லீஜ். மேல் பட்டையில் பொறித்திருக்கும் பெயரை நம்பி ஏமாறாதீர்கள். ரோடா, மேண்டன் என்று கல்கத்தாக் கடைகளின் பெயர் இருக்கும். பல சமயம் அது விற்றவர் பெயர், செய்தவர் வேறு எங்கோ இருப்பார். பக்கத்திலேயே 12 அல்லது 13 என்று சின்னதாக ஓர் எண் இருக்கலாம், அது துளையின் அளவு. ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை குண்டு பிடிக்கலாம் என்ற கணக்கு அது. 12 என்றால் 0.729 அங்குலம், கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். இந்த முத்திரைகளை இன்றைக்கே செல்போனில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்காரரிடம் கொடுத்தாலும் இந்தப் பகுதியில் உப்புத்தாள் படக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

இப்போது வில்லன். பாலிஷ் கடை சொல்லும் 'கறுப்புத் தண்ணி'.

அது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து, ஏறக்குறைய 140 டிகிரி வரை கொதிக்கும் தொட்டி. ஒற்றைக்குழல் ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும் தொழிற்சாலைகளே அதைத்தான் செய்கின்றன, அரை மணியில் அழகான கறுப்பு வரும். அதில் தப்பில்லை. ஆனால் ஈயப்பற்று வைத்த இரட்டைக்குழலை அதில் போடக்கூடாது. ஈயப்பற்று உருக 180 டிகிரிக்கு மேல் வேண்டும், 140-இல் உருகாதே என்று சிலர் வாதம் செய்வார்கள். உருகாது, உண்மைதான். கரையும். வெள்ளீயத்தையும் காரீயத்தையும் சூடான காஸ்டிக் அரித்துத் தின்றுவிடும். அதோடு போகாது. இரண்டு பட்டைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்துக்குள் அந்த உப்புத் தண்ணீர் புகுந்துவிடும். வெளியே வர வழி கிடையாது.

எங்களிடம் ஒரு துப்பாக்கி இப்படி வந்தது. உரிமையாளர் வேறு ஏதோ ஓர் இடத்தில் தொட்டியில் முக்கி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வாங்கிய அன்று மயிலிறகு நிறம், வீடெல்லாம் காட்டியிருக்கிறார். நாலு மாதம் கழித்து, ஜூலை மழையில், பட்டை ஓரமாக வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தார், மறுபடி பூத்தது. அடுத்து அதே கோட்டில் செந்துரு. எங்கள் மேசைக்கு வந்தபோது மேல் பட்டையின் வாய்ப் பக்கம் ஒரு பிளேடு நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தது. அப்பா கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளிருந்து கறுஞ்சிவப்பாக ஒரு சொட்டு வந்து மேசைமேல் விழுந்தது. பட்டை இரண்டையும் கழற்றி, உள்ளே சுரண்டி, மறுபடி ஈயம் பிடித்து ஒட்ட எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. தொட்டியில் முக்கியதற்கு அவர் கொடுத்த காசைப்போல ஏழெட்டு மடங்கு.

ஆன்லைன் பாட்டில் விஷயம் சின்னது. குளிர்ந்த நிலையிலேயே தடவும் மருந்து அது, பெரும்பாலும் செலினியமும் தாமிரமும் கலந்த அமிலம். ஒரு திருகாணித் தலைக்கோ ஒரு கீறலுக்கோ சரி. முழுக் குழலுக்குப் பூசினால் திட்டுத் திட்டாக வரும், ஒரு மாதம் கையில் எடுத்துத் துடைத்தால் போய்விடும். டமாஸ்கஸ் கோலத்தை அது வெளியே கொண்டு வராது.

மெதுவாகத் துருவேற்றுவது ஒன்றுதான் வழி. எப்படி என்று சொல்கிறேன். நீங்களே செய்யச் சொல்லவில்லை, செய்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியட்டும்.

முதலில் பழைய துருவையும் கறுப்பையும் எடுப்பது. மோட்டார் சக்கரம் கூடாது. குழலின் நீளவாக்கிலேயே மெல்லிய அரத்தை இழுத்து, பிறகு எமரித் தாளை ஒரு கட்டையில் சுற்றி 240, 320, 400 என்று இறங்க வேண்டும். பஃப் சக்கரம் மெத்தென்று இருப்பதால், மென்மையான இடத்தை அதிகம் தின்னும், கடினமான இடத்தைக் குறைவாகத் தின்னும். குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஜன்னலைப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும். பட்டையின் கூர்மையான ஓரம் மழுங்கி, பொறித்த எழுத்து சப்பென்று ஆகிவிடும். 400-க்கு மேல் கண்ணாடிபோலத் தேய்க்கவும் வேண்டாம். துரு பிடித்து நிற்க இரும்பில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். எல்லாக் குழியையும் எடுத்தே தீர வேண்டும் என்று நிற்காதீர்கள். சுவர் கனம் இடம் கொடுக்கும்வரைதான். மீதி இரண்டு குழி அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கும் நூறு வயது.

அடுத்து எண்ணெய்ப் பசை எடுப்பது. நாங்கள் சுட்ட சுண்ணாம்பைக் குழைத்துத் தேய்ப்போம். பசை போய்விட்டதா என்று பார்க்க, தண்ணீரை ஊற்றினால் போதும். தாமரை இலைமேல் விழுந்ததுபோல முத்து முத்தாக நின்றால் பசை இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால் போய்விட்டது. அந்த நிமிடத்திலிருந்து குழலைக் கையால் தொடக்கூடாது. துளைகளில் நீளமான மரத் தக்கை அடித்து, அதைத்தான் கைப்பிடியாகப் பிடிக்க வேண்டும்.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது இந்த இடத்தில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாம் சுற்றுவரை எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தது. தக்கை கொஞ்சம் வழுக்கியது, குழல் கீழே விழாமல் இருக்க வலது குழலில் கட்டைவிரலை வைத்துத் தாங்கினேன். ஒரு நொடிதான். உடனே துணியால் துடைத்தும் விட்டேன். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால், சுற்றிலும் ஒரே சீரான துரு. நடுவே என் கட்டைவிரல், ரேகை ரேகையாக, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் உருட்டி வைத்ததுபோல. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 320 தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். முதலிலிருந்து.

மருந்து. இரும்புக் குளோரைடு, நைட்ரிக் அமிலம், மயில்துத்தம் எல்லாம் கலந்த பழைய கலவைகள் பல உண்டு. சிலதில் ரசகற்பூரம் என்று நாம் சொல்லும் பாதரச உப்பும் சேரும், அது கொடிய விஷம், வீட்டில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதன் பேச்சே வேண்டாம். எந்த மருந்தானாலும் தடவுவதில்தான் கைப்பழக்கம். பஞ்சில் நனைத்து, பிழிந்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பு. போன இடத்துக்குத் திரும்பி வரக்கூடாது. ஈரம் அதிகமானால் வழிந்து, அந்தக் கோட்டில் குழி விழும்.

பிறகு ஈரப் பெட்டி. எங்களுடையது ஒரு பழைய மர அலமாரி. அடியில் தண்ணீர்ப் பாத்திரம், அதன் கீழ் ஒரு பல்பு. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதம் காற்று உலர்ந்து கிடக்கும், பெட்டி இல்லாமல் துரு ஏறாது. ஜூலை, ஆகஸ்டில் நேர்மாறு, கண் அசந்தால் அதிகமாகிவிடும். சில மணி நேரத்தில் இரும்பின்மேல் செம்மண் தூசு படிந்ததுபோல மெல்லிய துரு பூக்கும். தூசாக இருந்தால் நல்லது, பொருக்காக இருந்தால் கெட்டது.

இனிமேல்தான் வேடிக்கை. துருப்பிடித்த குழலை நீளத் தொட்டியில் கொதிக்கும் தண்ணீருக்குள் இறக்கினால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தச் செந்துரு கண்ணெதிரே கறுத்து, கரிய வெல்வெட்டுத் துணிபோல ஆகிவிடும். வேதியியலில் சொன்னால், சிவப்பு இரும்பு ஆக்சைடு கறுப்பு மேக்னடைட்டாக மாறுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. நம் ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அது போதும். ஆனால் போர்வெல் தண்ணீர் ஆகாது. அதன் உப்பு குழலில் கறை கறையாக இறங்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் நாங்கள் பயன்படுத்துவது. தொட்டி நிறைய வேண்டும் என்பதால் கேன் கேனாக வாங்குவோம், கடைக்காரர் எங்களிடம் எத்தனை லாரி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார்.

எடுத்து, ஆறவிட்டு, தலைமுடிபோன்ற மெல்லிய கம்பித் தூரிகையால் அந்த வெல்வெட்டைத் தேய்த்தால், அடியில் சாம்பல் நிறம் தெரியும். இது ஒரு சுற்று. மறுபடி மருந்து, பெட்டி, கொதிநீர், தூரிகை. நாலாவது சுற்றில் நம்பிக்கை வரும், ஆறு முதல் எட்டுச் சுற்றில் ஆழமான கறுப்பு வரும். டமாஸ்கஸுக்குப் பழுப்பு வேண்டுமென்றால் கொதிநீர் கிடையாது. துருவேற்று, தேய், துருவேற்று, தேய் என்று பழுப்பாகவே கட்டிக்கொண்டு போக வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால், கறுப்பு ஏற்றியபின் மிக மிக மெல்லிய அமிலத்தில் ஒரு நொடி காட்டுவார்கள். இரும்பு, எஃகு இரண்டில் ஒன்று சீக்கிரம் வெளுக்கும், ஒன்று கறுப்பாகவே நிற்கும். பெல்ஜியக் குழல்களில் இந்தக் கறுப்பு வெள்ளை அதிகம். இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பழுப்பு அதிகம். உங்களுடையதில் முன்கட்டைக்கு, அதாவது குழலின் கீழே பூட்டும் மரத்துண்டுக்கு, அடியில் பழைய நிறம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், எது சரி என்பதை அது சொல்லும்.

அந்த இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். சாதா எஃகுக் குழலின்மேல் அமிலத்தால் டமாஸ்கஸ் கோலத்தை அச்சடித்து விற்ற மலிவுத் துப்பாக்கிகளும் அந்தக் காலத்தில் உண்டு. உங்களுடையது அந்த ரகமாக இருந்தால், எமரித் தாள் பட்டவுடன் கோலம் போய்விடும், எந்த மருந்துக்கும் திரும்பி வராது. நிஜமானால் எவ்வளவு தேய்த்தாலும் திரும்பி வரும். அதனால் நல்ல வேலைக்காரர் முன்கட்டை மூடும் இடத்தில் ஒரு நகக்கண் அளவு மட்டும் தேய்த்து, ஒரு துளி மருந்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஒத்துக்கொள்வார். பார்க்காமலே ஒத்துக்கொண்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.

குழலோடு சேர்த்து விசைப்பெட்டியையும் கறுப்பாக்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். அதன் நிறம் எலும்புக் கரியில் வைத்துக் காய்ச்சிக் கெட்டியாக்கியபோது வந்தது. மங்கியிருந்தாலும் அதுதான் அதன் நிறம்.

இவ்வளவுக்கும் பிறகு சுடலாமா என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கறுப்பு ஏற்றி வாங்கிக்கொண்டு போன எல்லோரும் அடுத்த வாரம் வந்து அதைத்தான் கேட்டார்கள். சுடாதீர்கள். அந்தக் காலத்து 12 போரில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், இன்றைக்குக் கடையில் கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர், அதாவது இரண்டே முக்கால். சுடும்முன் உள்ளே சரியாக உட்கார்ந்ததுபோலத்தான் இருக்கும், சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை 1896 முதல் பர்மிங்காமில் உண்டு, அந்த முத்திரை வாங்கிய டமாஸ்கஸும் இருக்கிறது. ஆனால் அது அன்றைய சுவருக்குக் கொடுத்த சான்று. நூறு வருடத் துருவையும், நடுவில் யார் யாரோ போட்ட எமரித் தாளையும் அது கணக்கில் எடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான ஒட்டில் எது உள்ளே இற்றுப் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. உடையும்போது அது பெரும்பாலும் உடையும் இடம் இடது கை பிடித்திருக்கும் இடம்.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கையில், வேலையே வேண்டாமோ என்று தோன்றுகிறது. கை பிடித்த இடம் வெளுத்திருக்கிறது என்கிறீர்களே, அது தாத்தாவின் இடது கை. வாய்ப் பக்கத்துத் துருவுக்கு மெல்லிய எண்ணெய் ஊறப்போட்டு, இரண்டு நாள் கழித்து மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் அழுத்தாமல் தேய்த்தால் செந்துரு போய்விடும், அடியில் இருக்கும் பழைய பழுப்பு நிற்கும். இதை உங்கள் அப்பா கூடவே இருந்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்கும் மேல் குழி ஆழமாக இருந்து, சுவர் கனமும் இருந்து, தட்டினால் மணிபோலவும் கேட்டால் மட்டும் லைசென்ஸ் உள்ள கடையில் மெதுவான துருவேற்றத்துக்குக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணை எழுதி வாங்குங்கள். மூன்று வாரம் ஆகும் என்று சொன்னால் சரியான ஆள். சாயங்காலம் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும், அப்புறம் அதைத் தோல் உறையிலோ கேன்வாஸ் உறையிலோ போட்டு வைக்காதீர்கள். உறை மழைக்கால ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு குழலுக்கு ஊட்டும். பூட்டுள்ள பீரோவில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, கீழே ஒரு துணி மடித்து வையுங்கள். எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊற வைக்காமல் துணியில் இறங்கிவிடும். மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து வைக்கிற வழக்கம் இருந்தால், குங்குமத்தையும் சந்தனத்தையும் கட்டையில் வையுங்கள், குழலில் வேண்டாம். ஈரமாக வைத்த பொட்டு குழலில் அப்படியே துருவாக இறங்கி, அடுத்த வருடம்வரை நிற்கும்.